எலெக்ட்ரிக் கிட்டார்: ஒரு கழுத்தை நேராக வைத்திருக்கும் வேலை

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் முறுக்கிச் சுருதி சேர்த்தபின், அவை கழுத்தை, அதாவது உடலிலிருந்து நீளும், விரல்கள் கம்பியை அழுத்தும் பகுதியை, இழுக்கும் மொத்த விசை ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்குவது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல் தடிமனுள்ள மரத்துண்டு. வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பளபளக்கும் வண்ணத்தை. செய்பவர்களுக்கோ கவலையெல்லாம் இந்தக் கழுத்தைப் பற்றித்தான்.

வேலை மரத்தை உலர்த்துவதில் தொடங்குகிறது. உடலுக்கு ஆல்டர், ஆஷ், மஹோகனி, பாஸ்வுட். கழுத்துக்குப் பெரும்பாலும் மேப்பிள் அல்லது மஹோகனி. சூளையில் வைத்து ஈரப்பதத்தை 6 முதல் 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகே அறுப்பார்கள். ஈரத்தை வாங்கினால் மரம் இழைக்குக் குறுக்கே உப்பும், விட்டால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. பின்னால் வரும் தொல்லைகளில் பல இந்த ஒரு குணத்திலிருந்தே முளைக்கின்றன.

உடல் எளிதான பகுதி. இரண்டு மூன்று பலகைகளை ஒட்டி, ஏறத்தாழ 45 மி.மீ. தடிமனுக்குச் சீவி, சிஎன்சி ரவுட்டர் என்னும் கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில் ஏற்றினால் வெளிவடிவம், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) குழிகள், ஒயர் போகும் துளைகள் எல்லாம் வெட்டப்பட்டு வரும். ஒட்டுப் பலகை என்பதால் மட்டமானது என்று நினைக்க வேண்டியதில்லை. ஒட்டு சரியாக விழுந்தால் அந்த இடம் மரத்தைவிட உறுதியானது. மழுங்கிய வெட்டுமுனைதான் ஆபத்து. கொம்பு போன்ற வளைவுகளில் இழை குறுக்கே திரும்பும் இடத்தில் மரத்தைச் சிம்பு சிம்பாகப் பிய்த்துவிடும். கழுத்து உட்காரும் குழிக்குத் தனிக் கவனம் வேண்டும். குழி தளர்ந்தால் கழுத்து பக்கவாட்டில் நகர்ந்து, ஓரக்கம்பி கழுத்தின் மேல்முகமான விரல்பலகையை விட்டு வெளியே சரியும். மிக இறுக்கமானால் குழியின் மூலையில் பெயின்ட் விரிசல் விடும். பெயின்டுக்கும் தடிமன் உண்டு என்பதால், பூச்சுக்கு முன் குழியை மறைத்துவிடுவார்கள்.

இனி கழுத்து. முதல் வெட்டில் அதை முழு வடிவத்துக்குக் கொண்டுவருவதில்லை. மரத்துக்குள் இறுகியிருந்த அழுத்தம் வெட்டியதும் விடுபடுவதால் அது மெல்ல முறுக்கிக்கொள்ளும். அதனால் சற்றுப் பெரிதாக வெட்டி, சில நாட்களோ வாரங்களோ அடுக்கி வைத்து, பிறகுதான் இறுதி அளவுக்குச் செதுக்குவார்கள். அவசரத்தில் இந்தக் காத்திருப்பைச் சுருக்கினால், அந்த முறுக்கு கிட்டார் முடிந்த பிறகு வெளியே வரும். முறுகிய கழுத்தை எந்தத் திருகாலும் நிமிர்த்த முடியாது.

முன்பின் வளைவுக்கு மட்டும் மருந்து உண்டு: கழுத்தின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ 1923இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. பழைய வகையில் ராட் வளைந்த பள்ளத்தில் கிடக்கும். நடுப்பகுதி ஆழத்தில் இருக்கும். முனையிலுள்ள திருகு நட்டை இறுக்கினால் ராட் நேராக முயன்று, கழுத்தின் நடுவைக் கம்பிகளின் பக்கம் தள்ளும். இருபுறமும் வளைக்கக்கூடிய இரட்டைச் செயல் ராட் இப்போது பரவலாக இருக்கிறது. இதன்மேல் விரல்பலகையை ஒட்டுவார்கள். பசையில் தண்ணீர் இருப்பதால் ஒட்டிய மறுநாளே கழுத்து வளைந்து நிற்கும். ஈரம் வெளியேறும்வரை அதைத் தொடக்கூடாது.

விரல்பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களின் இடத்தைத் தீர்மானிப்பது கணிதம். ஒரு ஃப்ரெட்டுக்கு அடுத்த ஃப்ரெட் அரை சுருதி மேலே, அதிர்வெண் 1.05946 மடங்காகும். எனவே மீதமுள்ள கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த இடம் கிடைக்கும். 648 மி.மீ. கம்பி நீளத்தில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டை) 36.4 மி.மீ., இரண்டாவது அதிலிருந்து 34.3 மி.மீ., பன்னிரண்டாவது சரிபாதியில், 324 மி.மீ. தொலைவில். ஒரே அச்சில் கோத்த பல வட்ட ரம்பங்கள் ஃப்ரெட் பதியும் எல்லாப் பள்ளங்களையும் ஒரே முறையில் வெட்டிவிடும்.

பள்ளத்தின் அகலத்தில்தான் சூட்சுமம். ஃப்ரெட் கம்பி நிக்கல் சில்வரால் ஆனது. பெயரில் வெள்ளி உண்டு, உலோகத்தில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதன் அடிநாக்கில் சிறு முட்கள் இருக்கும். பள்ளம் சுமார் 0.58 மி.மீ. அகலம். கொஞ்சம் குறுகினால், ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஆப்பு போல மரத்தை நெட்டித் தள்ளும். இருபத்திரண்டு ஆப்புகள் சேர்ந்து கழுத்தையே பின்னோக்கி வளைத்துவிடும். கொஞ்சம் அகன்றால் ஃப்ரெட் மேலெழும். மேலெழுந்த ஒரே ஒரு ஃப்ரெட் போதும், அதற்கு முந்தைய ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி அதில் உரசி இரையும்.

அதனால் கழுத்தை ராட் மூலம் நேராக்கி, ஃப்ரெட்களின் உச்சியில் மார்க்கரால் மை பூசி, நீண்ட சமமான அரத்தால் தேய்ப்பார்கள். மை அழியாத இடம் தாழ்ந்த இடம். எல்லாம் சமமானதும் தட்டையான உச்சியை மீண்டும் வளைவாக்கி மெருகேற்றுவார்கள். கம்பி பூட்டிய நிலையிலேயே உயரங்களை அளந்து சமன்செய்யும் பிளெக் என்ற ஜெர்மானிய இயந்திரமும் இந்த வேலைக்கு இருக்கிறது.

பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றி ஏறத்தாழ 0.06 மி.மீ. செம்புக் கம்பி ஒற்றைச் சுருள் வகையில் 8,000 சுற்று வரை வரும். இழுப்பு அதிகமானால் அறும். தளர்ந்தால் சுற்றுகள் அதிர்ந்து, அதிக ஒலியில் கீச்சென்று அலறும். அதை அடக்க, உருகிய பாரஃபின், தேன்மெழுகுக் கலவையில் சுமார் 65 டிகிரி செல்சியஸில் அமிழ்த்துவார்கள். சூடு கூடினால் பிளாஸ்டிக் சட்டம் கோணிவிடும்.

கடைசியில் கம்பி பூட்டி, கழுத்தில் 0.2 மி.மீ. அளவுக்குக் குழிவை விட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை 1.6 மி.மீ. அருகே வைப்பார்கள். அழுத்தும்போது கம்பி நீண்டு சுருதி கூடுவதால், பிரிட்ஜ் சாடில்களை (உடல் பக்கம் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டுகளை) கணக்கிட்ட இடத்திலிருந்து சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தடித்த கம்பிக்குக் கூடுதலாக. ஒருநாள் விட்டு எல்லாவற்றையும் மறுபடி அளப்பது நல்ல வழக்கம், முதல் நாள் இழுப்பில் கழுத்து இன்னும் இடம் தேடும்.

வறண்ட இடத்துக்குப் போன கிட்டாரில் விரல்பலகை குறுக்கே சுருங்கும்; உலோகம் சுருங்காது. கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் ரம்பப் பல் போலக் குத்தும். முனைகளை அரத்தால் தேய்க்கலாம். ஆனால் முதலில் ஈரப்பதத்தைச் சீராக்கி, சில வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும்; மரம் பழைய அகலத்துக்குத் திரும்பினால் அரத்துக்கே வேலையிராது.