பாவுக் கஞ்சியும் நானோ நூலும்

குடியாத்தம் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கைத்தறிக்காரர்களுக்குக் கவலைதான். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளில், போட்ட கஞ்சி லேசில் காயாது. காயாத இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத நானோ நூலை எலெக்ட்ரோஸ்பின்னிங் (மின்விசையால் நூல் இழுக்கும்) முறையில் எடுப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு.

இதில் ராட்டை கிடையாது. பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) கரைசலைச் சிரிஞ்சில் நிரப்பி, அதன் உலோக ஊசிக்கு 10,000 முதல் 20,000 வோல்ட் வரை கொடுப்பார்கள். எதிரே 10, 15 செ.மீ. தள்ளி ஓர் உலோகத் தகடு. ஊசிமுனைச் சொட்டைப் பரப்பு இழுவிசை உருண்டையாகவே வைத்திருக்கப் பார்க்கும். மின்னூட்டம் வெளியே தள்ளும். மின்னூட்டத்தின் கை ஓங்கியதும் சொட்டு கூம்பாகி, நுனியிலிருந்து மெல்லிய தாரை பீறிடும். 1964-ல் இந்தக் கூம்பைக் கணக்குப் போட்டு விளக்கிய பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

தாரை நேராகப் போய்த் தகட்டில் விழுவதில்லை. கொஞ்சம் தள்ளியதுமே சாட்டை போலச் சுழலத் தொடங்கும். அதன் பகுதிகள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. நூல் பெரும்பாலும் மெலிவது இந்தச் சுழற்சியில்தான். கண்ணிமைக்கும் அந்த நேரத்துக்குள் கரைப்பானும் ஆவியாகிவிட வேண்டும். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது இந்த இடம்தான்.

சரி, நல்ல நூல் வர எதை முதலில் மாற்றுவது? மின்னழுத்தத்தைத் திருகத்தான் கை போகும். கரைசலில் தொடங்குவதே நல்லது என்பேன். பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் அளவுக்குச் செறிவு இல்லையென்றால் தாரை அறுந்து துளிகளாகத் தெறிக்கும். செறிவைக் கொஞ்சம் கூட்டினால் மணி கோத்தது போல வரும். இன்னும் கூட்டினால் சீரான நூல். அதையும் தாண்டினால் நூல் தடித்து, ஊசியும் அடைத்துக்கொள்ளும். பாலிவினைல் ஆல்கஹால் என்றால் (ஆலைகளில் பாவுக்குக் கஞ்சியாகப் போடுவதும் இதைத்தான்) தண்ணீரில் 8 முதல் 10 சதவீதம் கரைத்துப் பார்க்கலாம். மூலக்கூறு எடை மாறினால் இந்த அளவும் மாறும். துளி உப்பு சேர்த்தால் மின்கடத்தல் கூடி மணிகள் குறைவதும் உண்டு.

அப்புறம்தான் ஓட்டமும் தூரமும். கரைசல் வேகமாக வந்தாலும், தகடு மிக அருகில் இருந்தாலும் நூல் ஈரத்தோடே விழும்.

காற்றை மறக்கக் கூடாது. வேலூர் கத்திரி வெயிலில், எளிதில் ஆவியாகும் கரைப்பான் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைக்கும். மழைக்காலத்தில் அதே அறையில் தண்ணீரில் கரைத்த பாலிமர் காயாமல் ஒட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நோட்டில் குறித்தே ஆக வேண்டும். ஈரம் எப்போதும் எதிரியும் அல்ல: பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் எடுத்த நூலின் மேல் ஈரக்காற்று நுண்குழிகளை உண்டாக்கும். எண்ணெய் உறிஞ்சும் நூல் வேண்டுமென்றால் அந்த ஐப்பசி மழைநாளே தோது.