மேக்ஸ்: ஒருமுறை உச்ச எடை

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஜிம்முக்குள் நுழைந்தால் காதில் விழும் கேள்வி: "உங்கள் மேக்ஸ் எவ்வளவு?"

'ஒன் ரெப் மேக்ஸ்' என்ற தொடரின் வால்தான் இந்த 'மேக்ஸ்'. முறை குலையாமல் ஒரே ஒரு தடவை தூக்கவோ தள்ளவோ முடிந்து, மறு தடவைக்கு மசியாத எடை அது. 'ரெப்' லத்தீனின் 'ரெபெடெரே'விலிருந்து வந்தது. மீண்டும் நாடுதல் என்று பொருள். 'மேக்ஸ்' அதே மொழியின் 'மாக்சிமுஸ்', மிகப் பெரியது.

இந்த அளவை மருத்துவமனையில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்கு மருத்துவர் தாமஸ் டிலோர்ம் எடைப் பயிற்சி தந்தார். பத்துத் தடவை தூக்க முடிகிற உச்ச எடையை அளந்து, அதைக்கொண்டு பயிற்சியைப் படிப்படியாக ஏற்றினார். 1945இல் முறையை வெளியிட்டார்.

தென் மாவட்டங்களின் இளவட்டக்கல்லும் வலுவைச் சோதிப்பதுதான். ஆனால் அங்கே கல் மாறாது, இளைஞர்தான் மாறுவார். தூக்கினார் அல்லது தூக்கவில்லை, அவ்வளவே. மேக்ஸில் ஆள் ஒருவர், எடைதான் மாறும். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் மூட்டை சுமப்பவருக்கும் அங்கே கணக்கெழுதுபவருக்கும் அவரவர் எண் உண்டு. ஒருவர் எண்ணை வைத்து இன்னொருவருக்குப் பயிற்சி வகுக்க முடியாது.

தமிழில்? 'ஒற்றைத்தூக்கு' என்று சொல்லத் தோன்றும். ஆனால் பலகையில் மல்லாந்து படுத்துச் செய்யும் பெஞ்ச் பிரஸ்ஸில் எடையைத் தள்ளுகிறோமே! பள்ளிக் கணக்கின் 'மீப்பெரு' பொருளில் பொருந்தும், ஆனால் மீ.பெ.வ. நினைவு வந்துவிடும். 'ஒருமுறை உச்ச எடை' என்பதே என் தேர்வு. பேச்சில் 'உச்ச எடை' போதும்.

புதியவரை முதல் நாளே உச்ச எடை தூக்கவைப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. தேவையே இல்லை. எப்லி சூத்திரப்படி, தூக்கிய தடவையை 30ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, எடையால் பெருக்கலாம். 50 கிலோவை 6 தடவை தூக்குபவரின் உச்ச எடை ஏறத்தாழ 60 கிலோ. தொடக்கத்தில் அதில் 60 முதல் 70 விழுக்காடு, அதாவது 36 முதல் 42 கிலோ, 8 முதல் 12 தடவை போதும்.

நேரடியாகவே சோதிப்பதென்றால் உடலைச் சூடேற்றிக்கொண்டு, முயற்சிக்கு முயற்சி 3 முதல் 5 நிமிடம் ஓய்ந்து, தாங்கிப் பிடிக்க அருகில் ஆள் நிறுத்திச் செய்ய வேண்டும். மூச்சை அடக்கித் தள்ளினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதிவண்டியில் ஏறி வந்தவர் மறுநாளே கால்களுக்கு உச்ச எடை பார்க்கக் கூடாது. களைத்த கால் காட்டும் எண் அவருடைய எண் இல்லை.