வயலிலிருந்து ஏரிக்குப் போகும் மணிச்சத்து

ஒரு ஹெக்டேர் வயலிலிருந்து வருடத்துக்கு ஒரு கிலோ மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மழைநீரோடு போய்விட்டால் அந்த விவசாயிக்குத் தெரியக்கூடத் தெரியாது. 5 கிலோ டிஏபி உரத்தில் இருப்பது அவ்வளவுதான். விளைச்சலிலும் பெரிய மாற்றம் இருக்காது. ஏரியின் கணக்கு வேறு. லிட்டருக்கு 0.02 அல்லது 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே பல ஏரிகளில் பாசி மண்டத் தொடங்கும். சுமார் 3 கோடி லிட்டர் தண்ணீரை அந்த நிலைக்குக் கொண்டுபோக அந்த ஒரு கிலோ போதும்.

கனடாவில் 1973இல் ஏரி 226 என்ற சிறிய ஏரியின் குறுக்கே திரை போட்டு ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பக்கத்திலும் கார்பனையும் தழைச்சத்தையும், அதாவது நைட்ரஜனையும், சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகிப்போனது. தழைச்சத்து பற்றவில்லை என்றால் சில நீலப்பச்சைப் பாசிகள் அதைக் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது, வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு.

சரி, எந்த வயலிலிருந்து வருகிறது? உடனே மண் பரிசோதனைச் சீட்டைத்தான் எடுப்போம். அது பாதிப் பதில். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் பாஸ்பரஸைப் பிடித்துவைக்கின்றன. ஆனால் பிடித்துவைக்கும் இடங்களுக்கு ஓர் அளவு உண்டு. அவை நிரம்ப நிரம்ப, மண்ணுக்குள் இறங்கும் நீரில் கரைந்து போவது கூடுகிறது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் ஒரு பழைய சோதனை வயலில், ஆல்சன் என்ற மண் பரிசோதனை முறைப்படி மண்ணில் பாஸ்பரஸ் கிலோவுக்கு 60 மில்லிகிராம் ஆகும் வரை வடிகால் நீரில் அது குறைவாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் சட்டென்று ஏறியது. இந்த 60ஐ எல்லா மண்ணுக்கும் பொருத்தக் கூடாது. பிடிக்கும் சக்தி குறைந்த மணல் நிலம் இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

மீதிப் பாதி, தண்ணீர் போகும் பாதை. வயலில் எவ்வளவு இருந்தாலும் ஓடைக்குப் போக வழி இல்லையென்றால் ஏரிக்கு ஆபத்தில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அமெரிக்காவில் 1993இல் 'பாஸ்பரஸ் குறியீடு' என்ற மதிப்பெண் முறையை முன்வைத்தார்கள். மண்ணில் உள்ள அளவு, போடும் உரமும் எருவும், போடும் விதம், காலம் எல்லாம் மூலத்தின் கணக்கில் வரும். மண் அரிப்பு, சரிவு, வழிந்தோடும் நீர், ஓடை எவ்வளவு தூரம் என்பவை பாதையின் கணக்கு.

முதலில் இந்த மதிப்பெண்களைக் கூட்டினார்கள். பிறகு வந்த பல வடிவங்கள் மூலத்தையும் பாதையையும் பெருக்குகின்றன. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு வயலுக்கு மூலம் 9, பாதை 1. இன்னொன்றுக்கு இரண்டும் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் இரண்டும் 10, வித்தியாசமே இல்லை. பெருக்கினால் ஒன்று 9, மற்றது 25. பார்வைக்குச் சாதாரணமான அந்த இரண்டாவது வயல்தான் உண்மையில் ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் இழப்பில் பெரும்பங்கு சிறிதளவு நிலத்திலிருந்து, அதுவும் ஒருசில பெருமழைகளில், போய்விடுவது இதனால்தான்.

பாதை என்றால் கலங்கல் நீர் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ஈரி ஏரிக்கு வரும் மாமி ஆற்றில் 1990களின் நடுவிலிருந்து கரைந்த பாஸ்பரஸ் கூடியது, மண் அரிப்பைக் குறைக்க உழவைக் குறைத்திருந்த காலத்தில். உழாத நிலத்தில் மேலாகத் தூவிய உரம் மேல்மண்ணிலேயே தங்கி, மழையில் கரைந்து, நிலத்தடி வடிகால் குழாய்கள் வழியே தெளிந்த நீராகப் போனதும் அதற்கு ஒரு காரணம். 2014 ஆகஸ்டில் அந்த ஏரியின் பாசி நஞ்சால் டொலிடோ பகுதியில் 4 லட்சம் பேருக்கு மேல் சில நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. உழவைக் குறைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. உரத்தை மண்ணுக்குள் வைத்திருந்தால் இவ்வளவு கரைந்திருக்காது.

எருவில் இன்னொரு சிக்கல். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைக் கணக்கிட்டு எரு போட்டால், மணிச்சத்து தேவைக்கு மேலே போய்விடும், ஏனென்றால் எருவில் இரண்டும் இருக்கும் விகிதம் பயிர் எடுக்கும் விகிதமல்ல. வருடா வருடம் அந்த மிச்சம் மண்ணில் சேரும். குறியீடு உயர்ந்தால், பயிர் எடுக்கும் அளவுக்கு மட்டுமே மணிச்சத்து போடச் சொல்வார்கள். மிக உயர்ந்தால் போடவே வேண்டாம் என்பார்கள்.

குறியீடு இத்தனை கிலோ போகும் என்று சொல்வதில்லை, எது முதலில் என்று வரிசைதான் தருகிறது. அந்த வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல: அமெரிக்காவின் 12 தென் மாநிலங்களின் குறியீடுகளை ஒப்பிட்டபோது, ஒரே மாதிரியான வயலுக்கு வெவ்வேறு மதிப்பு வந்தது. அதனால் மொத்த எண்ணை விட, அதை எது ஏற்றியது என்று பார்ப்பதே உபயோகம். மூலம் ஏற்றியிருந்தால், உரத்தை நிறுத்திய பிறகும் மண்ணில் உள்ள அளவு இறங்கப் பல வருடங்கள் ஆகும். பாதை ஏற்றியிருந்தால் ஓடையோரப் புல் பட்டை, மூடுபயிர், மழைக்கு முந்தைய நாள் உரம் தூவாமல் இருப்பது போன்றவற்றை அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.