ராஜபார்ட்

மும்பை தாராவியில் யாராவது புதுச்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கிளம்பினால், "மனசுல பெரிய ராஜபார்ட்டுன்னு நினைப்பு" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும். அரசனாக நடிப்பவர் என்றுதான் பலரும் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அது பாதிதான் சரி.

'ராஜ' வடசொல், 'பார்ட்' ஆங்கிலம். அந்தக் கால இங்கிலாந்தில் நடிகருக்கு முழு நாடகத்தையும் தரமாட்டார்கள். அவர் பேசவேண்டிய வசனம் மட்டும் எழுதிய தாள் கிடைக்கும். அதுதான் பார்ட். இங்கே மராத்தி நாடகக்காரர்களும் பெண் வேடமிடும் ஆணை 'ஸ்திரீபார்ட்டி' என்பார்கள். பால கந்தர்வர் அதில் கொடிகட்டிப் பறந்தவர்.

தமிழ் மேடைக்கு வருவோம். மயான காண்டத்தில் அரிச்சந்திரனுக்கு முடியும் இல்லை, நாடும் இல்லை, சுடலை காக்கிறான். அப்போதும் அவன் ராஜபார்ட்தான். வள்ளி திருமணத்தில் வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகனும் ராஜபார்ட்தான். ஆக, கதையைத் தாங்குபவர் என்பதே பொருள்.

தாங்குவதற்குக் குரல் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திரைக்குள்ளிருந்தே உச்சக் கட்டையில் பாடிக்கொண்டு வந்தால் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா அப்படிப் பாடித்தான் ஊரைக் கட்டிப்போட்டார்; 1933இல் மறைந்தபோது வயது 27. சிறுவர்களையே நடிக்கவைத்த பாய்ஸ் கம்பெனிகளின் பையன்களுக்கோ மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட்டும் போச்சு.

சினிமாவில் பின்னணிப் பாட்டு வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. கம்பெனியில் ஸ்திரீபார்ட்டும் போட்ட கணேசனுக்கு வசனக் குரலே போதுமானதாக இருந்தது. அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்தபோது பெரியார் கொடுத்த பெயர்தான் சிவாஜி. (சிவாஜி பார்க் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.) 1952இல் 'பராசக்தி' வந்தது. 1973இல் 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் நாடக நடிகராகவே நடித்தார்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'அரச வேடம்' அரிச்சந்திரனிடமே அடிபட்டுப் போகிறது. 'கதாநாயகன்' சினிமாவுக்குப் போய்விட்டது, வடசொல்லும்கூட. அகப்பாட்டின் 'தலைமகன்' அழகுதான், ஆனால் 1935இல் நந்தனாராக நடித்த கே.பி. சுந்தராம்பாளை எங்கே வைப்பது? எனக்குத் 'தலைமை வேடம்' சரியாகப் படுகிறது. ஆனால் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தின் நோட்டீஸில் 'ராஜபார்ட்' என்றுதான் அச்சடிக்கிறார்கள். அதில் கைவைக்க வேண்டாம்.