பேரனுக்கு எதற்கு ஹெல்மெட்?

மகளின் பேறுகாலத்துக்காக நியூ ஜெர்சி போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பேரனுக்கு இப்ப ஆறாவது மாசம். பின்மண்டை வலப்பக்கம் சப்பையா இருக்குன்னு ஒரு ஹெல்மெட் மாட்டிவிட்டிருக்காங்க. ஒரு நாளைக்கு 23 மணி நேரம் அதோடதான் இருக்கணுமாம். வீடியோ காலில் பார்க்கிறப்ப வயித்தைப் பிசையுது. மூளை வளர்ற வயசுல தலையைப் போட்டு இப்படி இறுக்கலாமா?"

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஹெல்மெட் இறுக்குவதில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று நான் முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை. அந்த வியப்பைப் பகிர்ந்துகொள்ள உங்கள் கேள்வி நல்ல வாய்ப்பு.

பிறந்த குழந்தையின் மண்டை ஒரே ஓடு கிடையாது, தனித்தனி எலும்புத் தகடுகள். அவற்றுக்கு இடையே மெல்லிய திசுவாலான இணைப்புகள் இருக்கின்றன. மருத்துவத்தில் இவற்றுக்குத் தையல் என்றே பெயர். பல தையல்கள் சந்திக்கும் இடத்தில் உச்சிக்குழி. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். பிரசவத்தின்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை நீண்டுபோவதையும், சில நாட்களில் அது தானே சரியாவதையும் பேறுகாலம் பார்த்த எல்லாரும் கண்டிருப்பீர்கள்.

உங்கள் பேரனுக்கு வந்த சப்பை அதுவல்ல. அது பிறந்த பிறகு, படுக்கையில் வந்தது. இதற்குப் பின்னால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. குப்புறப் படுத்துத் தூங்கும் குழந்தைகளிடம் திடீர் சிசு மரணம் அதிகம் என்று தெரிந்ததும், 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குழந்தைகளை மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வைக்கச் சொன்னது. 1994இல் மல்லாக்கப் படுக்க வைப்பது நாடு தழுவிய பிரசாரமானது. பத்தாண்டுக்குள் அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. அதோடு சேர்ந்து பின்மண்டை தட்டையான குழந்தைகளும் பெருகினார்கள். கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வாரக் குழந்தைகளை அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 47 சதவீதக் குழந்தைகளுக்கு ஓரளவாவது தட்டை இருந்தது. பெரும்பாலும் லேசானவை. தலை சப்பையாகிறதே என்று யாரும் குழந்தையைக் குப்புறத் தூங்க வைத்துவிடக் கூடாது. உயிருக்கு முன்னால் மண்டையின் வடிவம் ஒன்றுமில்லை.

தட்டை ஏன் ஒரே பக்கம் வருகிறது? கழுத்துத் தசை ஒருபக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலோ, கருப்பையில் தலை கிடந்த கிடப்பினாலோ, குழந்தை ஒரு பக்கமாகவே திரும்பிப் படுக்கும். அந்த இடம் சற்றே தட்டையாகும். தட்டையான பக்கம் தரையில் நன்றாக உட்காரும் அல்லவா? அடி தேய்ந்த தேங்காயை எப்படி உருட்டிவிட்டாலும் தேய்ந்த பக்கமாகவே வந்து நிற்பது போல, தலையும் மறுபடி அங்கேயே போய் நிற்கும். தட்டையால் அதே பக்கம் படுக்கிறது, படுப்பதால் மேலும் தட்டையாகிறது.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

மண்டையை மூளைக்குப் பூட்டிய பெட்டி என்று நினைப்போம். குழந்தையிடம் நடப்பது நேர் எதிர். எலும்பு வளர்ந்து மூளைக்கு இடம் கொடுப்பதில்லை. மூளை தள்ளுகிறது, எலும்பு பின்னால் ஓடுகிறது. முதல் வயதுக்குள் மூளையின் கன அளவு ஏறக்குறைய இரு மடங்காகிறது. மூளையைச் சுற்றி டியூரா என்ற உறுதியான சவ்வு இருக்கிறது. மண்டையோட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது அது. மூளை பெருக, டியூரா இழுபடுகிறது. தையல்களின் இருபுறமும் உள்ள எலும்பு விளிம்புகள் மெல்ல விலகுகின்றன. அந்தத் தையலுக்குள் குருத்தணுக்கள் காத்திருக்கின்றன. இழுப்பை உணர்ந்ததும் அவற்றில் சில எலும்பு கட்டும் செல்களாக மாறி, விளிம்பில் புது எலும்பை வைக்கின்றன. விலகிய அளவுக்கு மட்டும். இடைவெளி முழுவதையும் மூடிவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும் என்பதால், எலும்பாக்கத்தைத் தடுக்கும் நாகின் போன்ற புரதங்கள் நடுவில் காவல் நிற்கின்றன. கட்டு என்று ஒரு கட்டளை, நிறுத்து என்று ஒரு கட்டளை, இரண்டும் ஒரு மெல்லிய கோட்டுக்குள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதோடு முடியவில்லை. ஓட்டின் உட்புறத்தைச் சில செல்கள் அரித்தெடுக்க, வெளிப்புறத்தில் வேறு செல்கள் பூசுகின்றன. சின்னத் தலையின் வளைவு பெரிய தலையின் வளைவாக மாறுவது இப்படித்தான்.

இங்கே பாஸ்கல் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடைபட்ட திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும். மூளையும் அதைச் சூழ்ந்த நீரும் மண்டையின் உள்சுவரை எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தள்ளுகின்றன. அப்படியானால் தலை எந்தப் பக்கம் வளரும் என்பதைத் தீர்மானிப்பது வெளியே உள்ள தடை. வலது பின்மண்டையைப் படுக்கை தாங்கி நின்றால், அங்கே போக வேண்டிய வளர்ச்சி வேறு பக்கம் போகிறது. இடது பின்மண்டை புடைக்கிறது. வலது காதும் வலது நெற்றியும் முன்னே நகர்கின்றன. மேலிருந்து பார்த்தால் தலை ஓர் இணைகரம். மூளை நசுங்கவில்லை. அதன் அளவு குறையவும் இல்லை. தடை இல்லாத பக்கம் பார்த்து இடம் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஹெல்மெட் இதே விதியைத் திருப்பிப் போடுகிறது. தலையில் மெல்லிய உறை மாட்டி, சில வினாடிகளில் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் பிளாஸ்டர் அச்சுதான். கணினியில் அந்த வடிவத்தைத் திருத்தி, தலை எப்படி ஆக வேண்டுமோ அந்த வடிவத்தில் ஹெல்மெட் செய்கிறார்கள். வெளியே பிளாஸ்டிக் ஓடு, உள்ளே ஃபோம். புடைத்த இரண்டு மூலைகளில், அதாவது வலது நெற்றியிலும் இடது பின்மண்டையிலும், ஃபோம் தொட்டுக்கொண்டு நிற்கும். அழுத்தாது, "இங்கே இனி இடமில்லை" என்று மட்டும் சொல்லும். தட்டையான இரண்டு மூலைகளில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். வளர்ற பிள்ளை என்று சொல்லிப் பள்ளிச் சீருடையைக் கொஞ்சம் பெரிதாகத் தைப்போமே, அதே கணக்கு. மூளை வழக்கம்போல எல்லாப் பக்கமும் தள்ளும், வளர்ச்சி வெற்றிடத்துக்குப் போகும். மெத்தை அந்தத் தட்டைப் பகுதியைத் தொடவே முடியாது என்பதால், தேங்காய்க் கதையும் அதோடு முடிகிறது. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, தேவையான இடத்தில் ஃபோமைச் சீவிவிடுவார்கள்.

நம் தோட்டங்களில் புடலங்காய் சுருண்டுவிடாமல் இருக்க நுனியில் கல் கட்டுவோம். இளம் பிஞ்சில் கட்டினால்தான் பலன், முற்றிய காயில் கட்டினால் காம்பு அறும். காயை நீட்டுவது கொடியின் வளர்ச்சி. கல் திசையை மட்டும் காட்டுகிறது. ஹெல்மெட்டுக்குக் கல்லின் இழுப்பு கூட இல்லை.

ஆகவே இந்தச் சிகிச்சையின் மருந்து வளர்ச்சிதான், அது கையிருப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு 1 செ.மீ., அதன் பிறகு ஒரு வயது வரை மாதத்துக்கு அரை செ.மீ. கூடும். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கச் சொல்வதும், ஒன்றரை வயதுக்கு மேல் பெரும்பாலும் போடாததும் இதனால்தான். நடக்கும் குழந்தைக்குப் போட்டால் ஹெல்மெட் இருக்கும், அதை நிரப்பும் அளவுக்கு வளர்ச்சி இருக்காது. 23 மணி நேரக் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. வளர்ச்சி நாள் முழுக்க நடக்கிறது, அதற்குத் திசை காட்டும் ஹெல்மெட்டும் நாள் முழுக்க இருக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான், குளிப்பாட்டும்போது தலையை உருட்டிப் பிடித்துவிடும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு நாளில் 1,440 நிமிடம். அதில் இரண்டு நிமிடம் பிடித்தால் வளர்ச்சியின் திசை மாறிவிடாது. பிரசவத்தில் நீண்ட தலை தானாக உருண்டையாகும், நல்ல பெயர் தண்ணீர் ஊற்றும் பாட்டிக்குப் போகும். மென்மையாகத் தடவினால் கெடுதலில்லை. அழுத்திப் பிடிப்பதையும் மூக்கைப் பிடித்து இழுப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடுகுத் தலையணை, நடுவில் குழி விட்ட தலையணை இவையும் வேண்டாம். தூங்கும் குழந்தையின் முகம் புதைந்து மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. தலையைச் சரியாக்கும் என்று விற்கப்படும் இத்தகைய தலையணைகளை வாங்க வேண்டாம் என்று 2022இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே எச்சரித்தது. பெரு நாட்டின் பராகாஸ் பகுதியில் கிடைத்த நீண்ட மண்டையோடுகளை வேற்றுக்கிரகவாசிகளுடையவை என்று காட்டும் வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. அவை மனிதத் தலைகளே. குழந்தைப் பருவத்தில் துணியால் கட்டி, வளர்ச்சியை மேல்நோக்கித் திருப்பினார்கள். உங்கள் பேரனின் ஹெல்மெட்டில் இருக்கும் அதே விதி. மனிதர்களின் கைத்திறனை வேற்றுக்கிரகத்துக்குத் தாரை வார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இப்போது கடினமான கேள்வி. ஹெல்மெட் போடாவிட்டால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் இதை நேர்மையாகச் சோதித்தார்கள். நடுத்தரம் முதல் அதிகத் தட்டை வரை இருந்த, ஐந்து ஆறு மாதக் குழந்தைகள் 84 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஹெல்மெட் போட்டார்கள், மீதிப் பேரை அப்படியே விட்டார்கள். 2014இல் முடிவு வந்தது. இரண்டு வயதில் முழுதும் சரியான தலை, ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை. மேலே சொன்ன இயக்கத்தை வைத்துப் பார்த்தால் இது புதிரும் அல்ல. குழந்தை புரண்டு, குப்புற விழுந்து, உட்காரத் தொடங்கியதும் படுக்கையின் தடை தானாகவே விலகுகிறது. மிச்ச வளர்ச்சி தன் வேலையைச் செய்கிறது.

இந்த ஆய்வுக்கும் குறை உண்டு. மிகக் கடுமையான தட்டை, பிறவிக் கழுத்துச் சுளுக்கு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. பல குழந்தைகளுக்கு ஹெல்மெட் சரியாகப் பொருந்தாமல் நகர்ந்தது. 2016இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல், நிலை மாற்றிப் படுக்கவைத்தும் பிசியோதெரபி செய்தும் சரியாகாத நடுத்தர, கடுமையான தட்டைக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. என் கருத்து இது: லேசான தட்டைக்கு வேண்டாம், கடுமையானதற்கு மருத்துவர் சொன்னால் போடலாம். நடுத்தரத்துக்குப் பணத்தையும் குழந்தையின் சிரமத்தையும் சேர்த்து எடைபோட்டுப் பெற்றோர் முடிவு செய்யலாம்.

அந்த டச்சு ஆய்வு அரசுப் பணத்தில் நடந்தது. சில ஆயிரம் டாலருக்கு ஹெல்மெட் விற்கும் நிறுவனம், ஹெல்மெட் போடாத குழந்தையும் சரியாகுமா என்று கேட்டுப் பணம் செலவழிக்கப் போவதில்லை. அந்தக் கேள்வியைப் பொதுப்பணம்தான் கேட்க முடியும். இந்தியப் பெருநகரங்களிலும் இந்த ஹெல்மெட்டுகள் வந்துவிட்டன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க நிதி ஒதுக்குவதைப் போலவே, கடையில் ஏற்கெனவே விற்பது பலன் தருகிறதா என்று பார்க்கவும் நம் அரசு ஒதுக்க வேண்டும். இதை நான் பல வருடமாகச் சொல்லிவருகிறேன், இன்னும் சொல்வேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு ஒரு தையல் முன்கூட்டியே எலும்பாக மூடிக்கொள்ளும். மூடிய தையலுக்குக் குறுக்காக வளர்ச்சி நின்று, மற்ற திசையில் தலை நீளும் என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்சோ 1851லேயே சொன்னார். இது படுக்கையால் வந்த தட்டையல்ல, ஹெல்மெட் மட்டும் போதாது, அறுவை சிகிச்சை வேண்டும். பின்மண்டைத் தையல் மூடியிருந்தால் தட்டைப் பக்கத்துக் காது முன்னே நகராமல் பின்னால் இழுபட்டிருக்கும், தையல் மேட்டுக்கோடாகத் தடவலில் தெரியும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சுமார் மூன்று மாத வயதில் எண்டோஸ்கோப் வழியாகச் சிறு அறுவை செய்து, அதன்பின் ஹெல்மெட் போடும் முறையை 1998இல் ஹிமெனெஸ், பரோன் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அங்கே ஹெல்மெட் கட்டாயம். திறந்துவிட்ட வளர்ச்சிக்குத் திசை காட்டுவது அதுதான்.

கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருந்தது: அந்த ஒரு மணி நேர இடைவெளியில் பேரனுக்குத் தலையில் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லலாமா? வேண்டாம் அம்மா. உள்ளே ஏற்கெனவே வியர்க்கும். எண்ணெய் தங்கினால் தோல் ஊறிப் புண்ணாகும். டச்சு ஆய்வில் 96 சதவீதப் பெற்றோர் தோல் எரிச்சலைச் சொன்னார்கள், 76 சதவீதம் பேர் நாற்றத்தைச் சொன்னார்கள். தலையை அலசி, ஹெல்மெட்டின் உட்புறத்தையும் துடைத்து, இரண்டையும் நன்றாக உலரவிட்டு மாட்டச் சொல்லுங்கள். அதே ஆய்வில் 77 சதவீதப் பெற்றோர், குழந்தையை அணைத்துக் கொஞ்சமுடியவில்லை என்று குறைப்பட்டிருந்தார்கள். எனவே மகளிடம் சொல்லி, அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் வீடியோவில் பார்க்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.