பெருக்கினால் எப்படி சார் குறையும்?

கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 8 × 0.25 என்ற கணக்குக்கு ஒரு மாணவன் முதலில் 2 என்று சரியாகவே எழுதியிருக்கிறான். பிறகு அதை ரப்பரால் அழித்துவிட்டு 20 ஆக்கியிருந்தான். அழித்த தடம் தாளில் அப்படியே தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "பெருக்கினால் எப்படி சார் குறையும்?" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆடிப்பெருக்கு என்று ஆற்றில் நீர் கூடுவதைக் கொண்டாடும் ஊரில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? ஆங்கிலவழியில் படிப்பவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். 'மல்டிப்ளை' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் முதலில் பெருகுவதையே குறித்தது. கணக்குப் பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆதியாகமத்தில் தமிழ் வேதாகமம் "பலுகிப் பெருகி" என்று சொல்லும் இடத்தில், ஆங்கிலத்தில் 'பெருகி' என்பதற்கு நிற்பது மல்டிப்ளைதான்.

ஆனால் அந்தச் சொல்லின் வேரில் வளர்ச்சி மட்டும் இல்லை. லத்தீனில் 'மல்டுஸ்' என்றால் பல. 'பிளிகாரே' என்றால் மடிப்பது. பல மடிப்பாக்குவதே 'மல்டிப்ளிகாரே'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தச்சுப்பட்டறையில் சொல்லும் பிளைவுட்டின் 'பிளை'யும் அதே மடிப்புதான். நம்முடைய 'இருமடங்கு, மும்மடங்கு' எங்கிருந்து வந்தன? மடங்குவதிலிருந்து. உறவே இல்லாத இரண்டு மொழிகள் துணி மடிக்கிற கையைப் பார்த்தே கணக்குக்குப் பெயர் வைத்திருக்கின்றன. எனக்கு இது இன்றும் அலுக்காத வியப்பு.

பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. 8 சென்டிமீட்டர் காகிதப் பட்டை ஒன்றை வெட்டிக் கொடுத்து, பாதியாக மடி, இன்னொரு முறை மடி என்றேன். அளந்தான். 2 சென்டிமீட்டர். எட்டின் கால் மடங்கு. பழைய வாய்பாடு படித்தவர்களுக்கு இதில் குழப்பமே வந்திராது. காலைக் காலால் பெருக்கினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அன்றிலிருந்து தசமக் கணக்கு தொடங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேட்கிறேன்: பெருக்கும் எண் ஒன்றைவிடப் பெரியதா, சிறியதா? விடையை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

பட்டையைப் பிரித்து மடித்துக்கொண்டே இருந்தவன் நிமிர்ந்தான். "அப்படியென்றால் வகுத்தால் கூடுமா சார்?"

8-ஐ 0.25 ஆல் வகுத்துப் பார் என்றேன். 32 வந்தது. இந்த முறை ரப்பரை எடுக்கவில்லை.