கருந்துளை எதையும் உறிஞ்சாது

மறுபடியும் ஒரு வீடியோ. "பூமியை விழுங்க வரும் கருந்துளை" என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு, காதைக் கிழிக்கும் இசை, யாரோ கணினியில் வரைந்த சுழல் படம். குடும்பக் குழுவில் அதைப் பார்த்த ஆறாம் வகுப்புப் பையன் தனியாகப் படுக்கவே மாட்டேன் என்கிறானாம். இது உண்மையா என்று அவன் அம்மா என்னைக் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித்தருவது என் வேலை என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் பொறுமை போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கருந்துளை என்பது ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு நிறை முழுவதும் மிகச் சின்ன இடத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் ஒன்று. அது உறிஞ்சாது. தூசி உறிஞ்சும் இயந்திரம் மாதிரி அக்கம்பக்கத்தில் உள்ளதையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்காது. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றை அந்த இடத்தில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம் 3 கிலோமீட்டர்தான் இருக்கும். வெளிச்சம் போய்விடும், நாம் குளிரில் உறைந்துபோவோம். ஆனால் பூமி இப்போது போகும் அதே பாதையில், அதே 365 நாளில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர்ப்புக்கு இரண்டே கணக்குத்தான்: எவ்வளவு நிறை, எவ்வளவு தூரம். நிறை முழுவதும் சின்ன இடத்துக்குள் சுருங்கிவிட்டது என்பதற்காக, தள்ளி இருப்பவரை அது கூடுதலாக இழுக்காது. மிகவும் கிட்டே போனால்தான் ஆபத்து. (சூரியன் கருந்துளையாக மாறவும் மாறாது. அதற்கு அதன் நிறை போதாது.)

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. நம் பால்வெளி மண்டலத்தின் நடுவில் சுமார் 43 லட்சம் சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் அதை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2018 மே மாதம் அது கருந்துளைக்கு ஏறத்தாழ 1,800 கோடி கிலோமீட்டர் கிட்டே வந்தது. நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகம். என்ன ஆயிற்று? வளைந்து திரும்பித் தன் வழியே போய்விட்டது. இப்படிப்பட்ட விண்மீன்களின் தடத்தை ஆண்டுக்கணக்கில் அளந்ததற்குத்தான் ரெய்ன்ஹார்ட் கென்ஸெலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020 இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்கள்.

மீதிப் பாதி பிரிட்டிஷ் கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸுக்குப் போனது. 1965இல் அவர் கணிதத்தால் நிரூபிக்கும்வரை, கருந்துளை உண்மையில் உருவாகுமா என்பதிலேயே பலருக்குச் சந்தேகம் இருந்தது. கருந்துளை என்ற எண்ணத்துக்கு அடிப்படை அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது: முதல் உலகப்போரில் ஜெர்மன் படையில் இருந்தபடியே வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டார். 1916 மே மாதம் இறந்தும்போனார். ஐன்ஸ்டைனோ, இப்படி ஒன்று இயற்கையில் இருக்கவே முடியாது என்று 1939இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் பெரிய விண்மீன் எப்படித் தனக்குள்ளேயே நொறுங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

"கருந்துளையைக் கண்டுபிடித்த தமிழர்" என்று ஒரு பதிவும் சுற்றுகிறது. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள். அது சொல்லும் இயற்பியலாளர் சந்திரசேகர் செய்ததே போதுமான அளவு பெரிது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில் அவர் போட்ட கணக்கு வெண்குள்ளன் விண்மீன்களை, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களைப் பற்றியது. சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அவை தாக்குப்பிடிக்காது என்பதுதான் அதன் முடிவு. அதற்கப்புறம் என்ன ஆகும் என்ற கேள்வியை அது திறந்துவிட்டது. 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் அதைப் பகிரங்கமாக மறுத்தார். நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. கொல்கத்தாவின் இயற்பியலாளர் அமல் குமார் ராய்சௌத்ரியைப் பற்றியோ எந்தப் பதிவும் பேசுவதில்லை. பென்ரோஸின் நிரூபணத்துக்கு அவருடைய 1955ஆம் ஆண்டுச் சமன்பாடு ஒரு முக்கியக் கருவி.

பயம் காட்டுவது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. 2008 செப்டம்பரில் ஜெனிவா அருகே பெரிய துகள் மோதுவியை (அணுவைவிடச் சிறிய துகள்களை வேகமாக மோதவிடும் ஆய்வு இயந்திரம்) இயக்கியபோது, அதில் கருந்துளை உருவாகி உலகம் அழியும் என்று நம் தொலைக்காட்சிகள் ஓயாமல் சொன்னன. மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி மாணவி அந்தப் பயத்தில் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. அந்த இயந்திரத்தால் முடிவதைவிடப் பலமடங்கு ஆற்றலோடு விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமியைத் தாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை.

ஆகவே வீடியோ வந்தால் முதலில் தூரத்தைத் தேடுங்கள். தூரமும் நிறையும் சொல்லாத வீடியோவை அழித்துவிடுங்கள். "உண்மையான படம்" என்றால் நம்பாதீர்கள். நிழலோடு நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டவை எம்87 என்ற இன்னொரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ளதும் நம் மண்டலத்தின் நடுவில் உள்ளதும்தான். 2019இலும் 2022இலும் வெளியான அவை மங்கலான ஒளிவளையங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈர்ப்பை விளக்க, விரித்துப் பிடித்த துணியில் குண்டு போட்டுக் கோலியை உருட்டிக் காட்டுகிறீர்களே, கோலி கடைசியில் நடுவில் போய் விழுவது துணியின் உராய்வால்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். விண்வெளியில் அந்த உராய்வு இல்லை. இதைச் சொல்லாமல் விடுவதால் உறிஞ்சும் கதை வகுப்பறையிலேயே வேர்விடுகிறது.

வீட்டில் பிள்ளை பயந்து கேட்டால், "அதெல்லாம் சும்மா, தூங்கு" என்று தட்டிவிடாதீர்கள். நமக்குத் தெரிந்த மிக அருகிலுள்ள கருந்துளை கியா பிஹெச்1. அது 1,560 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, ஏறக்குறைய 10 சூரியன்களின் நிறை. அதைச் சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் சுற்றிவருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ளதைவிடக் கொஞ்சம்தான் கூட. அவ்வளவு கிட்டே இருந்தும் அது விழுங்கப்படவில்லை, 186 நாளுக்கு ஒரு சுற்று என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள்.